லேசான அடின்னு சொன்னாங்க

எங்க ஊட்டுக்காரருக்கு பைப் பொதைக்கிற வேலை. பள்ளத்துல மணல் பரப்பி, அதுமேல பைப்ப எறக்குவாங்க. கடைசி நிமிசத்துல அடியில கல்லு கில்லு கீதான்னு பாத்து ஒருத்தர் கையால தள்ளி உடணும். கம்பு வச்சித் தள்ளுங்கய்யான்னா, கை மாதிரி வராதாம். சொன்னா கேக்குற ஆளுங்களா இவங்க?

அன்னிக்கு ஆவடியில பைப்பக் கட்டித் தூக்குற பெல்ட் நழுவி, பைப்பு இவரு இடது கை மேலயே ஒக்காந்துருச்சி.

நான் வெள்ளானூர்ல துணி காயப்போட்டுகினு இருந்தேன். என் போன்ல சார்ஜ் இல்ல. கூட வேலை செய்யிற அண்ணாத்தே பைக்குல வந்தாரு. "ஒண்ணுமில்லம்மா, லேசான அடிதான். ஆஸ்பத்திரில கீறாரு, உன்ன வரச் சொன்னாரு"ன்னாரு. யாருக்கு இன்னா ஆனாலும் பொண்டாட்டிங்ககிட்ட இப்படித்தான் சொல்லுவாங்க. நாங்க பயந்துடுவோமாம்! நானும் நம்பி, மொகம் கழுவி, பொடவை மாத்தி, வந்த அண்ணாத்தேக்கு டீ போட்டுக் குடுத்தேன். வேணாம்னு சொல்ல வாய் வராம, அந்த மனுசன் ஊதி ஊதிக் குடிச்சாரு.

போய்ப் பாத்தா, ஆண்டவரே! மோதிர விரல் கத்திரிக்கா மாதிரி வீங்கிக் கெடக்குது. மோதிரம் சதைக்குள்ள பொதைஞ்சிடுச்சி. "மோதிரத்த வெட்டலன்னா விரலு போயிடும்னு சொல்லிகினே கீறோம். உங்களக் கேக்காம வெட்ட உடமாட்டாராம்"ன்னு நர்சம்மா கத்துது. கல்யாணத்தன்னிக்கு சர்ச்சுல நான் போட்டுவிட்ட மோதிரம் அது.

"யோவ், உனக்கு அறிவு கீதா? வெட்டுங்கம்மா!"ன்னேன். அழுகையும் ஆத்திரமும் ஒண்ணா வந்துச்சு.

மோதிரத்த வெட்டினாங்க. கருத்த விரலு கருத்ததுதான்; மறுநாள் அதையும் எடுத்துட்டாங்க. கொஞ்சம் முன்னாடி வெட்டியிருந்தா பொழச்சிருக்கும்னாரு டாக்டர். எனக்கு அந்த டீ கிளாஸ்தான் கண்ணுல நின்னுச்சு. திட்டலாம்னு வெளிய வந்தா, அண்ணாத்தே சுவத்தோரம் ஒக்காந்து அழுதுகினு கீறாரு. அவர இன்னான்னு திட்டுறது?

போன மாசம் இன்னொருத்தருக்குக் காலு நசுங்கிப் போச்சு. அவங்க ஊடு எங்க தெருவுலதான். சம்சாரத்துகிட்ட சொல்ல இவரத்தான் அனுப்பினாங்க. அடிபட்டவரத் தூக்கினதுல இவரு சட்டையெல்லாம் ரத்தம், மாத்திகினு போலாம்னு எங்க ஊட்டுக்குள்ள வந்தாரு.

"போய் இன்னா சொல்லுவ?"ன்னு கேட்டேன்.

"லேசான அடின்னு..."

அவரு இடது கைய எடுத்து என் கைக்குள்ள வச்சிகினேன். குனிஞ்சு, விரலு இல்லாத எடத்தப் பாத்தாரு.

எடுத்த சட்டைய ஆணியிலயே மாட்டிட்டு, ரத்தச் சட்டையோடவே போனாரு.