அக்கா வீட்டுக்கு மேலே பறக்கிறவர்

விமானம் தெசலோனிக்கியில் தரை தொட்டு நின்றதும் எல்லோரும் எழுந்து மேலிருந்து பைகளை இழுக்கிறார்கள். மெனெலாவோஸ் எழுவதில்லை. மடியிலிருந்த தொப்பியை ஒருமுறை தட்டிவிட்டு, சன்னலில் தன் மூச்சு படிந்த இடத்தைக் கைக்குட்டையால் துடைக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் இதே இருக்கைக்குத் திரும்பி வரப்போகிறவருக்கு என்ன அவசரம்? கடைசி ஆளாக இறங்கி, நிலையத்துக்குள் நுழைந்ததும் வெளியே போகும் கூட்டத்திலிருந்து பிரிந்து மாடியேறி, ஒரு காப்பி குடித்துவிட்டு, அதே விமானத்தில் ஏதென்ஸுக்குக் கிளம்புவார். பல நாட்களில் இருக்கையின் சூடுகூட ஆறியிருக்காது.

“ஊரு எப்படி இருந்துச்சு ஐயா?” என்று பணிப்பெண்கள் கேலி செய்வார்கள்.

“தரை நல்லா இருக்கும்மா. ஆடாம இருக்கு” என்பார்.

தொழில், ஏதென்ஸின் கிப்செலி பகுதியில் லிப்ட் பழுது பார்ப்பது. பழைய அடுக்குமாடிகளில் இருவர் நின்றால் மூச்சு முட்டும் லிப்ட்டுகள் அவை. கதவில் உள்ளங்கையை வைத்தே மேலே எந்தப் பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது என்பார்; பாதி சமயம் தவறாகவும் இருக்கும். அப்போது கட்டடத்தின் மேல் பழியைப் போடுவார். மோட்டார் அறைகளில் நின்று நின்று காது மந்தம். அதனால் போனில் எப்போதும் ஸ்பீக்கரைப் போட்டுத்தான் பேசுவார். அவருடைய குடும்ப விவகாரம் ஏதென்ஸ் விமான நிலையத்தில் பலருக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் ரோடோஸ் தீவின் ஓட்டல் லிப்ட்டுகளெல்லாம் இவர் பொறுப்பில் இருந்தன. வாராவாரம் பறந்ததில் விமான நிறுவனத்தின் தங்க அட்டை தானாக வந்து சேர்ந்தது. பிறகு ஓட்டல்காரர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். வேலை போயிற்று, பயணமும் போயிற்று. அட்டையை மட்டும் விட மனமில்லை. அதைத் தக்கவைக்க ஆண்டுக்கு இத்தனை முறை பறந்தாக வேண்டும் என்பது விதி. எவ்வளவு தூரம் பறந்தோம் என்பதைப் பற்றி விதிக்குக் கவலையில்லை. ஆகவே இலையுதிர் காலம் பிறந்ததும் மலிவான சீட்டாகப் பார்த்து வாங்கி, தெசலோனிக்கிக்குப் போய்ப் போய் வருவார்.

தெசலோனிக்கிக்கு வகுப்பெடுக்கப் போய் வரும் நாட்களில்தான் எனக்கு அவர் பழக்கம். என்னை “வாத்தியாரே” என்பார். அட்டைக்காரர் ஒரு விருந்தாளியை விமான நிலையத்தின் தனி ஓய்வறைக்குள் அழைத்துப் போகலாம். என்னை அழைத்துப் போய் உட்கார வைத்துவிட்டு, அங்கே இருக்கும் பாலாடைக்கட்டிப் பணியாரங்களைக் காகிதத்தில் பொதிந்து கருவிப்பைக்குள் வைத்துக்கொள்வார். அதுதான் அவருடைய இரவுச் சாப்பாடு. மனைவி இறந்துபோய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பையில், அட்டைக்காரர் என்று காட்டும் தங்க நிறச் சீட்டு ஒன்று தொங்கும். அட்டை இல்லாத இளைஞன் ஒருவன், முதலில் ஏறும் அட்டைக்காரர்களின் வரிசையில் நுழைந்தபோது அவனை அவர் விரட்டிய விரட்டில் எனக்கே கூச்சமாகிவிட்டது.

இந்த அலைச்சல் எதற்கு என்று கேட்டேன். முதலில் ஓய்வறைச் சூப்பைப் புகழ்ந்தார். இன்னொரு நாள்தான் உண்மை வந்தது.

“நான் பாட்டுக்கு லிப்ட்டைச் சரி பண்ணிட்டு நிப்பேன், வாத்தியாரே. ஜனங்க ‘அப்பாடா, வந்துடுச்சு’ன்னு லிப்ட்டைப் பாத்துச் சந்தோஷப்படுவாங்க. என்னைத் தாண்டி உள்ள போவாங்க. இங்க ஓய்வறைக் கதவுகிட்ட அந்தப் பொண்ணு நின்னு, ‘வாங்க, திரு. மெனெலாவோஸ்’ங்குது.”

தற்பெருமையைப் பற்றி ஓரளவு படித்திருக்கிறேன். அவருடையதையும் அந்தக் கணக்கில் சேர்க்கப் பார்த்தேன். முழுதாகப் பொருந்தவில்லை. பொருந்தாததாலேயே அது நல்லது என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. ஏனென்றால் அவருக்கு ஓர் அக்கா உண்டு.

தசூலா அக்காவின் வீடு பெரேயாவில், விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே இருக்கிறது. நிலையத்திலிருந்து காரில் ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம். இறங்கும்போது என் தோளைத் தட்டிக் காட்டுவார்: “அதோ பாருங்க, அக்கா துணி காயப்போட்டிருக்கா.” ஒருமுறை போய்ப் பார்க்கக்கூடாதா என்றால், போனால் சாயங்காலத்துக்குள் விடமாட்டாள், திரும்புகிற விமானம் போய்விடும் என்பார். தம்பிக்கு ஏதென்ஸில் தலைக்குமேல் வேலை, வடக்கே வரவே நேரமில்லை என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தார். அப்படி நம்ப வைத்தவர் இவர்தான்.

டிசம்பர் இருபத்திரண்டு அனஸ்தாசியா புனிதையின் நாள். தசூலா என்பது அனஸ்தாசியாவின் செல்லச் சுருக்கம்; ஆகவே அது அக்காவின் பெயர் நாள், இங்கே பிறந்தநாளைவிடப் பெரிது. யாரையும் அழைப்பதில்லை, உறவும் தெருவும் தானாக வந்து வீட்டை நிறைக்கும். தொலைவில் இருக்கும் தம்பி போன் செய்தால் போதும், வராததற்கு மன்னிப்பு உண்டு. அந்த நாளைத் தவறவிடுகிறவர் இல்லை அவர். ஆனால் சீட்டு வாங்கும்போது மலிவைப் பார்த்தாரே தவிர நாளைப் பார்க்கவில்லை. அட்டையின் ஆண்டும் அன்றோடு முடிந்தது. திரும்பும் பயணம் ஒன்றுதான் பாக்கி; அது தவறினால் அட்டை போயிற்று. மாலை விமானங்களெல்லாம் பண்டிகைக் கூட்டத்தில் நிரம்பிவிட்டன.

காலை விமானத்துக்குக் காத்திருந்தோம். வளைகுடாவிலிருந்து பனிமூட்டம் ஏறி, கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானத்தின் வால்கூடத் தெரியவில்லை. சும்மா இருந்த நேரத்தில் அவர் போனை எடுத்தார்.

“பல்லாண்டு வாழணும்க்கா.”

“நல்லா இருடா. எங்க இருக்க? ஒரே இரைச்சலா இருக்கு.”

“வீட்லதான்க்கா. டிவி ஓடுது.”

அப்போது தலைக்கு மேலே ஒலிபெருக்கி, தெசலோனிக்கியிலிருந்து ஏதென்ஸ் செல்லும் பயணிகளிடம் பனிமூட்டத்துக்காக மன்னிப்புக் கேட்டது. போனில் தட்டுகள் உரசும் சத்தமும் விருந்தாளிகளின் சிரிப்பும் மட்டும் கேட்டன.

“உன் டிவில பனிமூட்டமா?” என்றார் அக்கா. “என் சன்னல்லயும் அதேதான்டா தெரியுது.”

மெனெலாவோஸ் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். இந்த ஆண்டு எத்தனை முறை என்று அக்கா கேட்டார். இவர் குறைத்துத்தான் சொன்னார். அதுவே அதிகமாக இருந்தது. அட்டையைப் பற்றியும், கதவருகே பெயர் சொல்லி வரவேற்கும் பெண்ணைப் பற்றியும் திக்கித் திக்கி விளக்கினார்.

“உன் பேரைச் சொல்ல அந்தப் பொண்ணுக்குச் சம்பளம் குடுக்கறாங்க” என்றார் அக்கா. “நீ பொறந்ததுலேர்ந்து நான் சும்மா சொல்லிட்டிருக்கேன்.”

போன் அடங்கியது. எனக்குக் கேட்கவில்லை என்பதுபோல் நான் புத்தகத்தைப் பிரித்தேன். “வீடு நிறைய ஜனம். வரமாட்டா” என்றார் அவர், நான் கேட்காமலே.

பனி லேசாகக் கரையத் தொடங்கியபோது, விமான நிறுவனத்துப் பெண் ஃபோதினி ஒரு பெரிய வெள்ளித் தட்டைத் தாங்கிக்கொண்டு வந்தாள். தட்டு நிறைய குராபியே. கிறிஸ்துமஸுக்குச் செய்யும், வெண்சர்க்கரை தூவிய வெண்ணெய் பிஸ்கட். பெயர் நாளில் உபசரிக்க வேண்டியவர் கொண்டாடுகிறவர்தான். கீழே, வெளிக்கதவுக்கு அப்பால் ஓர் அம்மா, கோட்டுக்குள் சமையல் ஏப்ரனோடு நிற்கிறாராம். இந்தப் பயணிகள் அத்தனை பேருக்கும் கொடுக்கச் சொன்னாராம்.

“எல்லாருக்கும் இல்ல” என்று சேர்த்துக்கொண்டாள், மெனெலாவோஸைப் பார்க்காமல். “‘தொப்பியை மடில வெச்சுக்கிட்டு ஒரு வழுக்கை உக்காந்திருப்பான், அவனுக்கு மட்டும் வேண்டாம்’னாங்க. அவங்க சொன்னபடிதான் நான் செய்யணும் ஐயா, மன்னிச்சுக்கங்க.”

தட்டு வரிசை வரிசையாகப் போயிற்று. ஆளாளுக்கு அக்காவைப் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்திவிட்டு எடுத்துக்கொண்டார்கள். விடுப்பில் போகும் சிப்பாய் ஒருவன் இரண்டு எடுத்தான். நானும் ஒன்று எடுத்தேன். மறுத்தால் அந்த அம்மாளுக்கு அவமரியாதை. மெனெலாவோஸுக்கு முன்னால் வந்தபோது தட்டு சற்று உயர்ந்து, அவர் தலையைத் தாண்டி அடுத்த ஆளிடம் இறங்கியது. அவர் அறிவிப்புப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒலிபெருக்கி அழைத்தது: தங்க அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் வரலாம். அவர் எழுந்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார், வாயிலுக்கு நடந்தார். அங்கே மேசைமேல் காலித் தட்டு இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

“அது எங்கம்மா தட்டு. திருப்பிக் குடுக்கணும்” என்றார்.

“நான் குடுத்துடறேன் ஐயா” என்றாள் ஃபோதினி. “வெளிக்கதவைத் தாண்டிட்டா இந்தப் பக்கம் திரும்ப வர முடியாது. சுத்தி வர்றதுக்குள்ள விமானக் கதவை மூடிடுவோம்.”

ஏறுவதற்காக எல்லோரும் வாயிலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்க, இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்தபடி அவர் மட்டும் எதிர்த்திசையில், “கொஞ்சம் வழி விடுங்க, கொஞ்சம் வழி” என்று நடந்தார். வெளிக்கதவின் முன் ஒரு கணம் நின்றார். ஒரு விரலை நாக்கில் நனைத்து, தட்டில் மிஞ்சிக் கிடந்த சர்க்கரைத் தூளை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒற்றியெடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பிறகு தோளால் கதவைத் தள்ளினார்.