அண்ணன் பெயரில் நான் அனுப்பிய திருத்தம்

போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். என் வீட்டில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

அண்ணன் கப்பலூரில் வேலை முடிந்து வந்ததும் யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குத் திருத்தங்கள் அனுப்புவான். அதில் அவன் பார்ப்பது, வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் ஒரே இணைப்பாக ஓட்டும் பகுதி. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே நானும் கொஞ்சம் கற்றேன்.

அதில் சாக்கெட்டை, அதாவது இணைப்பின் முனையை, மூடும் இடத்தில் ஒரே வரி இரண்டு முறை இருந்தது. ஒன்றை நீக்கினேன். அதைப் பராமரிப்பவர்கள் ஏற்றுக்கொண்டால் அவனிடம் சொல்லி அசத்தலாம் என்று, அவன் கணக்கிலிருந்தே அவன் பெயரைப் போட்டு, 'சோதித்தேன்' என்றும் எழுதி அனுப்பினேன். சோதிக்கவே இல்லை.

இன்று அவர்களில் ஒருவரிடமிருந்து, எல்லோரும் பார்க்கும்படி பதில் வந்தது. "இரண்டு வழிக்கும் தனித்தனியாக மூட வேண்டும். ஒரு முறை ஓட்டியிருந்தாலே தெரிந்திருக்கும். ஏன் பொய்?"

அண்ணன் முகம் செத்துவிட்டது. "நான் அனுப்பவே இல்ல பாப்பா. எவனோ உள்ள புகுந்துட்டான். இனி அம்புட்டுப் பேரும் என்னையப் பொய்யன்னுல்ல நெனப்பாங்க?"

"பாஸ்வேர்ட மாத்துண்ணே" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

மாத்தினான். பிறகு காதோரம் குனிந்து, "ஒனக்கு மட்டும் சொல்றேன், யார்ட்டயும் சொல்லிறாத" என்று புதியதையும் சொன்னான்.

காலையில் அவனிடம் சொல்லியே ஆக வேண்டும். இப்படி மாட்டியவர்கள் யாராவது இருந்தால், முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக் கொடுங்கள். அழுகையை நானே பார்த்துக்கொள்கிறேன்.