அம்மா பணக்காரியாக இருந்த இரண்டு மாதம்

கிர்ர்ர்... கிர்ர்ர்...

பாஸ் புத்தகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த பிரின்டர் போடும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்டி டவுனில் ஒரு பேங்க். எலும்பு வரைக்கும் ஏசி. பக்கத்துக் கதிரையில் அம்மா, கல்யாண வீடுகளுக்கு மட்டும் உடுத்தும் மெரூன் சேலையில், நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள்.

போன கிழமை ஒரு விசேஷ வீட்டில் சொந்தக்காரர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்கம்மா அந்தக் காச வச்சுக்கிட்டு ஆடுன ஆட்டம் இருக்கே..."

ஆமாம், ஆடினாள். அதை நானே எழுதிவிடுகிறேன்.

அம்மா வாழ்க்கை முழுதும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஓய்வு பெற்றதும் ஈபிஎப் காசு வந்தது. அத்தனை வருஷமும் சம்பளத்தில் பிடித்து வைத்தது, எட்டு லட்சத்துச் சொச்சம். நான் அப்போது டவுனில் ஒரு புடவைக் கடையில் சேல்ஸ் கேர்ள். அந்தத் தொகையை முதலில் பார்த்தபோது சைபரை எல்லாம் விரல் வைத்து எண்ணினேன். அம்மா புத்தகத்தை வாங்கிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"வா, பசிக்குது" என்றாள்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஈபிஎப் காசுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு. காசு வந்த கிழமையே ஓர் ஆடு விழும். அடுத்தது மூத்த மகனுக்கு த்ரீவீலர். மிச்சத்தில் மகள் கல்யாணம். காசுக்குச் சொந்தக்காரி அடுப்படியில் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருப்பாள்.

அம்மா ஆடு வெட்டவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறிக் கண்டிக்கு வந்தாள். என் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பேங்குக்குப் போவோம். நூறு ரூபாய் போடுவாள். புத்தகத்தில் புது வரி விழ வேண்டுமே... அந்த வரிக்குத்தான் அந்த நூறு ரூபாய்.

கவுண்டரில் இருந்த சிங்களப் பிள்ளைக்குத் தாங்கவில்லை.

"அம்மா, நூறு ரூபா போட வாரது... பஸ் காசு அதுக்கு மேல தானே?"

"மேலதான் மகள். ஆனா காசு என்னுது. பாத்துட்டுப் போக வாறேன்."

பிறகு சைவக் கடையில் நெய் தோசை, ஆளுக்கொரு ஃபலூடா. நான் லீவு எடுத்த நாட்களில் அங்கிருந்து அம்பிட்டிய பக்கம் போய்க் காணி பார்ப்போம். அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசை, சொந்த வாசல்படி. நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். எழும்பு என்று சொன்னால் எழும்ப வேண்டியதுதான்.

அண்ணன் சும்மா இருக்கவில்லை. கடன் வாங்கி ஒரு த்ரீவீலருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை எங்களோடு பேங்குக்கும் வந்தான். காசு எடுக்கும் படிவத்தை அவனே நிரப்பி, ஆபீசரிடம் சிங்களத்தில் பேசி, பேனாவை அம்மா கையில் கொடுத்தான்.

"ஒரு கையெழுத்துதாம்மா."

அம்மா பேனாவைப் பிடித்திருந்தாள். அவள் போட்டுவிட்டால் காணி போச்சு, சாகும்வரை அந்தக் காம்பராதான். பெற்ற மகன் கேட்டு இல்லை என்று சொல்லிப் பழகாதவள் அவள்.

பேனாவை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எபா, மாத்தயா" என்றாள் ஆபீசரிடம். வேண்டாம் ஐயா. வாழ்நாள் முழுக்கக் கங்காணிக்கும் துரைக்கும் சரிங்க, சரிங்க என்று சொன்ன வாய் அது. பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"வாடகைக்கு எடுத்து ஓட்டுய்யா. என் காசு ரோட்டுல ஓடாது."

அட்வான்ஸ் போனது. அண்ணன் இரண்டு வருஷம் எங்களோடு பேசவில்லை. சொந்தக்காரர்கள், சீதனக் காசைக் காணியில் போட்டுவிட்டாளே என்று என்னிடமே துக்கம் விசாரித்தார்கள். காணியைத் தேடிக் கொடுத்ததே நான்தான் என்றேன். அதற்குப் பிறகு என்னையும் சேர்த்துத் திட்டினார்கள். திட்டட்டும்.

காசு வந்து இரண்டு மாதத்தில், அம்பிட்டியவில் பஸ் போகாத ஒரு மேட்டில் ஆறு பேர்ச் நிலம் கிடைத்தது. காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது நொத்தாரிசு கேட்டார், "மகன் பேர்லயே எழுதுவமா? பின்னுக்கு மாத்துற செலவு மிச்சம்."

"என் பேர்ல எழுதுங்கய்யா. நான் செத்த பொறகு வர்ற செலவ அவங்க பாத்துக்குவாங்க."

கணக்கில் ஏதோ சில ஆயிரம் மிஞ்சியது. இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அதே மெரூன் சேலையில் கடை வாசலில் நின்றாள்.

கவுண்டர் பிள்ளை புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அம்மா, காசு எல்லாம் முடிஞ்சிதே... இனி ஏன் வாரது?"

அம்மா நூறு ரூபாயை நீட்டினாள். "காசுள்ளவங்க மட்டுந்தான் இந்தக் கதிரையில உக்காரணுமா மகள்? புத்தகத்துல அடிங்க."

கிர்ர்ர்...

இப்போது என் சம்பளம் ஃபோனுக்குள் வருகிறது, ஃபோனுக்குள்ளேயே போகிறது. அதற்காக யாரும் நல்ல சேலை உடுத்துவதில்லை. அன்று அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடைந்த சந்தோஷம் எனக்கு எந்த மாதமும் வந்ததில்லை. அந்த ஃபலூடா கூட இப்போது வெறும் இனிப்பாகத்தான் இருக்கிறது.

இதை எழுதுவது, பிறகு என் சம்பளத்தில் கொஞ்சங்கொஞ்சமாகக் கட்டிய அம்பிட்டிய வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துதான். உள்ளே அம்மா டீவி பார்க்கிறாள். அண்ணன் பிறகு லீசிங்கில் வாங்கிய த்ரீவீலர் முன்னால் நிற்கிறது. லயத்தில் அதை நிறுத்த இடமில்லை என்று அவனே வந்து கேட்டான், அம்மா சரி என்றாள்.

சிரித்த சொந்தக்காரரே, நீங்களும் ஒரு நாள் வாங்க. டீ தருவோம். செருப்பை மட்டும் கீழேயே கழற்றிவிடுங்கள். படி அம்மாவுடையது.