குடிக்கிற வெள்ளமும் மற்ற வெள்ளமும்

போன வாரம் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர், கருங்கல் பக்கத்து ஆளாக இருக்க வேண்டும், "குடிக்க இத்திரி வெள்ளம் தா மக்கா" என்று கடைக்காரரிடம் கேட்டார். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சின்னப் பிள்ளைகள், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குத்தான் காது மடல் சூடாகிவிட்டது. கோபம் வந்தால் எனக்கு முதலில் காதுதான் சிவக்கும். வீட்டில் எல்லோரும் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

எங்கள் ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பெயர். கிணற்றில் கோருவது வெள்ளம், உலையில் கொதிப்பது வெள்ளம், விருந்தாளி வந்தால் முதலில் நீட்டுவதும் வெள்ளம். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்று திருநெல்வேலி ஹாஸ்டலில்தான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் சாப்பாட்டில் விக்கல் எடுத்து "வெள்ளம், வெள்ளம்" என்று கத்தினேன். ஒருத்தி தட்டோடு பெஞ்சு மேல் ஏறி நின்றுகொண்டாள். அப்புறம் வருஷம் முழுக்க என்னைக் கண்டாலே பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். ஆனால் விஷயம் அன்றைக்கே புரிந்துவிட்டது. புரிந்துகொள்ள அதில் பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த டீக்கடையின் ஈரத்தரையில் சேற்று வாடை அடித்தது. சேற்று வாடை என்றால் எனக்குக் கைதக்குளம்தான். தாழையை நாங்கள் கைதை என்போம். கரை முழுக்கக் கைதைப் புதர், பூக்கிற காலத்தில் பள்ளத்தெரு முழுக்க வாசம். பள்ளத்தெருவில் குளத்துக்கு நேர் கீழே எங்கள் வீடு. அப்பா மஸ்கட்டில் உழைத்துக் கட்டிய வீடு. அப்பாவுக்குக் கடிதம் எழுத வராது. டேப்ரிக்கார்டரில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கேசட்டைக் கொடுத்து விடுவார். எந்தக் கேசட்டைப் போட்டாலும் முதலில் ஒரு செருமல், பிறகு, "வசந்தா, கெணத்துல வெள்ளம் உண்டா?" அப்பா காலமான பிறகும் அம்மா ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒரு கேசட்டைப் போட்டுக்கொண்டு மீன் ஆய்வாள். அந்தக் கேள்விக்கு "உண்டு, உண்டு" என்று பதிலும் சொல்வாள்.

குளத்தைத் தூர்த்துக் கடைகளோடு ஒரு பஸ் ஸ்டாண்டு கட்ட வேண்டும் என்று ஊரில் பேச்சு வந்தது. முன்னால் நின்றவர் என் தாய்மாமா தங்கப்பன். அவர் வீடு மேட்டில். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். புதிதாக வந்திருந்த ஓவர்சியர் கயல்விழி, தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினாள். மேட்டிலிருந்து இறங்கும் மழை இந்தக் குளத்தில்தான் தங்கிப் போகிறது என்றாள். "இதை மூடுனீங்கன்னா பள்ளத்தெருவுக்குள்ள வெள்ளம் வந்துரும்."

மாமா எழுந்தார். "பைப்புல வராத வெள்ளம் வீட்டுக்கே வரும்னா நல்லதுல்லா? நாளைக்கே மூடிருவோம்."

கூட்டமே சிரித்தது. அந்தப் பெண் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் சாக்பீஸும் கையுமாக நின்றாள். அப்போதுதான் அம்மா எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, அந்தப் பிள்ள சொல்லது குடிக்கிய வெள்ளம் இல்ல. வீட்டை அடிச்சுட்டுப் போற வெள்ளம். குளத்த மூடினா மழவெள்ளம் எங்க போய்க் கெடக்கும்?"

இதற்கு மேல் எப்படி ஐயா விளக்குவது? சிரிப்பு நின்றது. நியாயமாகப் பார்த்தால் யாராவது ஒருவர் எழுந்து, அதுவும் சரிதானே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முகங்கள் கடுகடுத்தன. வெளியூர்க்காரி நமக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்றார் ஒருவர். படித்த திமிர் என்றார் இன்னொருவர். "ஏட்டி, நீ சும்மா இரி" என்றார் மாமா. சிரித்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. புரிந்த பிறகு அவர்களுக்கு வந்த கோபத்தைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

கயல்விழிக்கு அன்றிலிருந்து வெள்ளக்காரி என்று பெயர். ஸ்கூட்டியில் போனால் பின்னால் நின்று கூப்பிடுவார்கள். கொஞ்ச நாளில் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். லாரி லாரியாகச் செம்மண் வந்து இறங்கியது. கைதைப் புதரை ஜேசிபி ஒரே பகலில் வழித்துப் போட்டது. பஸ் ஸ்டாண்டு வந்தது, மாமாவுக்கு முனைக்கடை கிடைத்தது.

அப்புறம் ஒரு ஐப்பசி மழை. விடியும்போது அம்மா மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தாள். கீழே ஜன்னல் உயரத்துக்குச் செம்மண் கலங்கல். தண்ணீர் வடிந்ததும் அவள் அரிசியைத் தேடவில்லை, துணியைத் தேடவில்லை. பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தாள். கேசட்டுகளுக்குள் சேறு. நாடாவை இழுத்துச் சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வெயிலில் காயப்போட்டாள். ஒரு கேசட்டுகூடப் பேசவில்லை.

மாமா ரொட்டிப் பொட்டலங்களோடு வந்தார். இப்படி வரும் என்று யாருக்குத் தெரியும் என்று அங்கலாய்த்தார். அம்மா அன்றைக்கே சொன்னாளே மாமா என்றேன். அதற்கு அவர், "சொன்னா. நமக்கு மனசிலாவல்ல மக்கா" என்றார்.

மனசிலாகவில்லையாம். மனசிலாவது என்றால் ஒன்று மனசுக்குள் நுழைவது. அங்கேதான் ஏற்கனவே கடையைக் கட்டிச் சாமானும் அடுக்கியாயிற்றே, எது நுழையும்? புரியாததை மனுஷன் ஒதுக்குவான் என்று பெரிய மனது பண்ணிப் பேசுகிறவர்களைப் பார்த்தாலே எனக்குக் காது சிவந்துவிடுகிறது. அந்தப் பள்ளிக்கூடத்தில் புரியாமல் நின்றது கயல்விழி ஒருத்திதான், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று.

அம்மா இப்போது என்னோடு நாகர்கோவிலில் இருக்கிறாள். மழை இரைந்தால் எழுந்து போய்க் கதவுக்கு அடியில் சாக்கைத் திணிப்பாள். ஞாயிற்றுக்கிழமை மீன் ஆயும்போது பேச்சுக் கிடையாது. விக்கல் எடுத்தால் என்னைக் கூப்பிட்டுத் தண்ணி கேட்கிறாள்.