காலையில் தேயிலை, மதியம் ஏலக்காய்

1. மேஜையைச் சுற்றி நான்கு பேர்

அன்று காலை டேஸ்டிங் மேஜையைச் சுற்றி நின்றவர்கள் நான்கு பேர். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் பெஞ்சமின் சார். சாம்பிள் பொட்டலம் கட்டும் ரோசம்மா அக்கா. சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க வந்த பாய்லர் மாடசாமி அண்ணன். நான்காவது ஆள் நான், வேலைக்குச் சேர்ந்து ஏழு வாரம் ஆன சாம்பிள் அசிஸ்டென்ட் அருள்ராஜ். முதலாளி இல்லை. அவர் கொச்சியில் புரோக்கர் ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஆனால் ஸ்பீக்கரில் போட்ட போன் வழியாக அறை முழுவதும் அவர்தான் இருந்தார்.

"பெஞ்சமினே, நம்ம சாயயில மசாலா மணக்குதுன்னு புரோக்கர் சொல்றான். நாம தேயில விக்கிறமா, மசால் சாய விக்கிறமா?"

எங்களுடையது பீர்மேடு மலையில் ஒரு சிறிய ஃபேக்டரி. ஒவ்வொரு லாட்டிலிருந்தும் கொஞ்சம் தூள் எடுத்து, காகிதப் பொட்டலமாகக் கட்டி, ஏலத்துக்கு முன்னால் கொச்சிக்கு அனுப்புவோம். அந்தப் பொட்டலத்தைக் குடித்துப் பார்த்துத்தான் அந்த லாட்டின் மொத்த மூட்டைகளுக்கும் விலை வைப்பார்கள். பொட்டலம் கெட்டால் லாட் கெட்ட மாதிரிதான்.

போன் வைத்ததும் பெஞ்சமின் சார் திரும்பியது ரோசம்மா அக்கா பக்கம். அக்காவுக்கு ஒரு மாதமாகப் பல்வலி. கடைவாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும்.

"அக்கா, வாயத் தொறங்க."

"எம் பல்லு வலிக்கி கிராம்பு கடிச்சது குத்தமாய்யா? நான் என்ன சாம்பிள்லயா துப்பிக்கிட்டு இருக்கேன்?"

"நாளையிலருந்து நீங்க சிஃப்டிங் பக்கம் போயிருங்க."

சிஃப்டிங் என்றால் தூள் சலிக்கும் இடம். அங்கே நாள் முழுக்கத் தேயிலைத் தூசி பறக்கும். அக்காவுக்கு இளைப்பு உண்டு. மூன்று வருடம் அங்கே இருமி இருமி, கெஞ்சிக் கூத்தாடித்தான் சாம்பிள் அறைக்கு வந்திருந்தார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் எனக்குள் ஏதோ திடுக்கிட்டது. அது ஏன் என்று சொல்ல, ஏழு வாரம் பின்னால் போக வேண்டும்.

2. காலண்டரின் பின்பக்கம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா தேயிலைக் கொளுந்து கிள்ளுகிறவர். பி.காம். முடித்து எட்டு மாதம் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் சும்மா இருந்தேன். பிறகு ஒரே வாரத்தில் இரண்டு வேலை வந்தது. ஃபேக்டரியில் காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை, நாளுக்கு முந்நூறு ரூபாய். ஆனைக்கரையில் பேபிச்சன் சேட்டனின் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் மதியம் இரண்டு முதல் ஆறரை வரை, நாளுக்கு நானூறு.

இரண்டையும் பார்க்கலாமா, ஒன்று போதுமா? பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கோடு போட்டு எழுதினேன். இந்தப் பக்கம் நேரம், அந்தப் பக்கம் பஸ். பன்னிரண்டு இருபதுக்குக் குமுளி பஸ், அங்கிருந்து ஆனைக்கரைக்கு இன்னொன்று, சாப்பாடு பஸ்ஸிலேயே. தூக்கம், சம்பளம், மழைக்காலத்தில் மண் சரிந்தால் சுற்றிப் போகிற வழி என்று ஒன்று விடாமல் எழுதினேன். எல்லாம் பொருந்தியது! வேலையே கிடைக்காத ஊரில் இரண்டு வேலைக்காரன் நான்.

அம்மாவிடம் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. கோடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"எலே, இதுல உன் ஒடம்ப எங்கல எழுதியிருக்க?"

"தூக்கம்னு போட்டிருக்கேன்ம்மா, ஆறு மணி நேரம்."

"தூங்குறதுக்கு மட்டுமால ஒடம்பு?"

நான் சிரித்துவிட்டு மறுநாளே இரண்டிலும் சேர்ந்தேன்.

ஸ்டோரில் என் வேலை, காய்ந்து வரும் காயைக் கம்பி வலையில் தேய்த்துக் காம்பு எடுப்பதும், சல்லடையில் கிரேடு பிரிப்பதும். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற காய் முதல் தரம். சூடாக வரும் காயைத் தேய்க்கும்போது எழும் வாசனை இருக்கிறதே, முதல் நாள் எனக்குத் தலை சுற்றியது. பத்தாவது நாள் எதுவும் தெரியவில்லை. பழகிவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

"எடா மோனே, நீ கெட்டிக்காரன்டா. ஒருத்தன் மூணு திவசம் நிக்க மாட்டான் இங்க," என்றார் பேபிச்சன் சேட்டன், பாதி மலையாளத்தில்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், "தம்பி, ஏலக்கா கொண்டு போறீகளா, கிலோ என்ன வெல?" என்று கேட்பார்கள். லயத்துப் பிள்ளைகள் ஓடி வந்து என் ஸ்வெட்டரை மோந்து பார்க்கும். "இவன் சட்டைய அலசுன தண்ணியில பாயாசம் வச்சிரலாம்," என்று அம்மா கேலி செய்வார். எனக்கு எல்லாம் சந்தோஷமாகவே இருந்தது.

ஃபேக்டரி சாம்பிள் அறை வாசலில் ஒரு போர்டு உண்டு: பூ, சென்ட், மசாலா உள்ளே கொண்டுவரக் கூடாது. தினமும் அதை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நான் எதையும் கொண்டுபோகவில்லை. குளிருக்குப் போட்டுவந்த ஸ்வெட்டரைக் கழற்றி, வெளியே ஆணி இல்லாததால், சாம்பிள் பொட்டலங்கள் இருக்கும் அலமாரிக்குள் தொங்கவிட்டுக் கதவைச் சாத்துவேன். அவ்வளவுதான் செய்தேன்.

3. மூன்று கப்

ரோசம்மா அக்கா தலைப்பால் வாயைப் பொத்தி நின்ற அந்த நிமிடத்தில் என் கண்ணில் பட்டது அந்த அலமாரிதான்.

சொன்னால் ஒரு வேலை போகும். இரண்டுமே போனாலும் போகும். சொல்லாவிட்டால் அக்கா நாளைக் காலை தூசிக்குள் நிற்பார். நான் நல்லவன் என்று காட்ட இதை எழுதவில்லை. முதலில் சம்பளக் கணக்கைத்தான் மனதில் போட்டேன். பிறகு வாய் தானாகத் திறந்தது.

"சார், அக்காவா இல்லையான்னு குடிச்சுப் பார்த்துரலாமா?"

"எப்படி?"

"ஒரே மூட்டையிலருந்து மூணு பொட்டலம். ஒண்ணு அக்கா கிராம்ப வாயில வச்சுக்கிட்டே கட்டட்டும். ஒண்ணு நீங்க கட்டுங்க. இன்னொண்ணு நான் கட்டி என் ஸ்வெட்டர்ல சுத்தி வைக்கிறேன்."

"ஸ்வெட்டர்லயா? எதுக்கு?"

"அப்புறம் சொல்றேன் சார்."

ஒரு மணி நேரம் கழித்து மாடசாமி அண்ணன் எங்களை வெளியே நிறுத்திவிட்டு, எந்தக் கப்பில் யார் பொட்டலம் என்று தனக்கு மட்டும் தெரிகிறபடி வெந்நீர் ஊற்றி வைத்தார். இஞ்சினியரிங் பரீட்சை நடத்துகிறவர் போல அவர் முகம்! ஆறு நிமிடம் கழித்துப் பெஞ்சமின் சார் கரண்டியால் அள்ளிச் சர்ரென்று உறிஞ்சினார். முதல் கப், துப்பினார். இரண்டாவது, துப்பினார். மூன்றாவதில் உறிஞ்சியவர் துப்பாமல் அப்படியே நின்றார்.

"ஏலக்கா," என்றார். "இது கிராம்பே இல்ல. ஏலக்கா."

"அது இந்தத் தம்பி கட்டுனது," என்றார் மாடசாமி அண்ணன்.

மாடசாமி அண்ணன் மூன்றாவதை மோந்து பார்த்துத் தலையாட்டினார். ரோசம்மா அக்காவும் அதைக் குடித்தார். "ஆத்தாடி! கல்யாண வீட்டுச் சாயா கணக்கா இருக்கு. எம் பல்லப் போயி சந்தேகப்பட்டீகளே சார்!"

நான் ஸ்டோர் வேலையைச் சொன்னேன், அலமாரியைச் சொன்னேன். பெஞ்சமின் சார் தலையில் அடித்துக்கொண்டார், தன் தலையில்தான். அக்காவிடம், "நீங்க இங்கயே இருங்கக்கா," என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம் கரண்டியை நீட்டினார்.

"நீயும் குடி. நீ செஞ்ச வேலைய நீ பாரு."

குடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடியும் மூன்று, இரண்டு, ஒன்று. எனக்கு மூன்றும் ஒன்றாகவே இருந்தன. பாய்லரில் விறகு போடுகிறவருக்கே தெரிந்த வாசனை, சாம்பிள் அசிஸ்டென்ட்டுக்குத் தெரியவில்லை. திட்டு வாங்கியதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

4. நாலாம் நாள்

பெஞ்சமின் சாரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாயங்காலம் முதலாளி போனில் சொன்னார். "வேற சட்ட போட்டு, குளிச்சிட்டு வா. ரெண்டும் பார்க்கணும்னா பாரு, எனக்கு விரோதமில்ல. வேண்டாம்னா விடு. சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு சொல்லணும்."

அதாவது, இன்னொரு ஸ்வெட்டர் வாங்கினால் போதும், இரண்டு வேலையும் தொடரும். காலண்டர் கணக்கில் ஒரே ஒரு வரி கூடும். பேபிச்சன் சேட்டனிடம் மூன்று நாள் லீவு கேட்டேன்.

"எந்தா மோனே, அம்பது ரூபா கூட்டித் தரட்டுமா?"

"காசுக்கு இல்ல சேட்டா. மூக்குக்கு."

அவர் போனிலேயே ஒரு நிமிடம் சிரித்தார். "மூக்குக்கு லீவு கேட்ட முதல் ஆளு நீதான்டா. போ, எடுத்துக்கோ."

மூன்று மதியம் வீட்டில் இருந்தேன். இரண்டாம் நாள் அம்மா கருவாடு சுட்டது எனக்கு இரண்டு வீடு தள்ளியே தெரிந்தது. எத்தனை வாரமாக அம்மா கருவாடு சுடவில்லை என்று கேட்டதற்கு, "வாரா வாரம்தான சுடுதேன்," என்றார்.

நாலாம் நாள் காலை, தனித்தனி டப்பாவில் எடுத்து வைத்திருந்த அதே பொட்டலங்களின் மிச்சத் தூளைப் பெஞ்சமின் சாரே கப்பில் போட்டு இடம் மாற்றி வைத்தார். முதல் கப்பை உறிஞ்சினேன். பச்சையாக, கொஞ்சம் துவர்ப்பாக, நாக்கைப் பிடித்து இழுத்தது. தேயிலைக்கு இத்தனை ருசி உண்டா! இரண்டாவது கப்பில் நாக்கின் இரண்டு ஓரத்திலும் ஒரு குளிர்ச்சி ஏறி மூக்குக்குப் பின்னால் போய் நின்றது.

"சார்! இது! இதுதான் சார்!"

"கத்தாதல. பாய்லர் வெடிச்சிருச்சின்னு ஆளுக ஓடி வருவாக."

அந்த நொடியில் முடிவாகிவிட்டது. எனக்கு இந்த மேஜைதான் வேண்டும். சனிக்கிழமை ஆனைக்கரை போய்ச் சேட்டனிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், ஆனாலும் கால் கிலோ எட்டு எம்.எம். காயைக் கட்டிக் கையில் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு சாயாக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று நான் அதே ஃபேக்டரியில் அசிஸ்டென்ட் டீ மேக்கர். ரோசம்மா அக்கா பல்லைப் பிடுங்கிவிட்டார், சாம்பிள் அறையில்தான் இருக்கிறார். படிப்பு முடித்து இரண்டு பார்ட் டைம் வேலைக்கு நடுவில் நிற்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். இரண்டு வேலை பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் பஸ் நேரத்தையும் தூக்கத்தையும் மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒரு வேலை உங்கள் கையில், காதில், மூக்கில் எதை விட்டுவிட்டுப் போகிறது, அது அடுத்த வேலைக்கு ஆகுமா என்றும் பாருங்கள். எந்த வேலையில் கைதேர வேண்டும் என்று உங்களுக்கு ஆசையோ, அதற்கு உங்களை முழுதாகக் கொண்டுபோங்கள்.

புரோக்கர் குறை சொன்ன அந்த லாட் நாற்பது மூட்டை, மூட்டைக்கு முப்பது கிலோ. புதுச் சாம்பிள் போய்ச் சேருவதற்குள் ஏலம் முடிந்து, கிலோவுக்குப் பதினான்கு ரூபாய் குறைவாகத்தான் போனது. முதலாளி என் சம்பளத்தில் கை வைக்கவில்லை. கம்பெனிக்கு நஷ்டம் பதினாறாயிரத்து எண்ணூறு. சீசனில் மிச்சமிருந்த நான்கு மாதத்துக்கு, மாதம் இருபத்தாறு நாள் வீதம், எனக்கு வராமல் போன ஏலக்காய்க் கூலி நாற்பத்தோராயிரத்து அறுநூறு. எல்லோருக்குமாகச் சேர்த்து, என் மூக்கு திரும்பி வர ஆன செலவு ஐம்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய்.