புழு அடை

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவார மாந்தோப்பு ஒன்றில் ஞானபாக்கியம் பதினெட்டுத் தேன்பெட்டிகள் வைத்திருந்தாள். தோப்பு அவளுடையதல்ல. தேனீ வந்தால் நன்றாகக் காய் பிடிக்கும் என்று தோப்புக்காரர் இடம் கொடுத்திருந்தார். புருஷன் செத்த பிறகு பத்து வருஷமாக அவளுக்குச் சோறு போட்டவை அந்தப் பெட்டிகள்தாம்.

பெட்டி வைத்திருப்பவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் பெட்டியில் ராணி செத்தால், இன்னொருவர் முட்டையும் இளம் புழுவும் உள்ள தேனடை ஒன்றை எடுத்துக் கொடுப்பார். தேனீக்கள் அதில் ஒரு புழுவை ஊட்டி ராணியாக்கிக்கொள்ளும். புழு அடைக்கு விலை கிடையாது. கேட்டவரிடம் இல்லையென்று சொல்வதும் கிடையாது.

தொண்ணூற்றிரண்டு தை மாதம், தளவாய்புரத்துத் தென்னந்தோப்பில் பெட்டி வைத்திருந்த அபுதாஹிர் சைக்கிளில் வந்தான்.

"யக்கா, ஒரு பெட்டியில ராணி இல்ல. ஒரு அடை குடுங்க."

"போன வருசமும் இதான் சொன்ன. ராணிய வச்சுக்கத் தெரியல, நீ எப்படிப் பொண்டாட்டிய வச்சுக் குடும்பம் நடத்துத?"

"எங்க நடத்துதேன்? அவதான் என்னைய நடத்துதா."

சிரித்துக்கொண்டே அடையை உருவினாள். நாலு புழுக்கள் அறைக்குள் நீட்டி நிமிர்ந்து, தலை கறுத்துச் செத்திருந்தன. தைப் பனியில் செத்திருக்கும் என்று நினைத்தாள். முள்ளால் குத்தி எடுத்தபோது ஒன்று தண்ணீர்ப் பை மாதிரித் தொங்கியது. மற்றதெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அடையைக் கொடுத்துவிட்டாள்.

மாசி முடிவதற்குள் பதினாறு பெட்டிகள் காலி. புழுக்கள் எல்லாம் அதே மாதிரிப் பையாகிச் செத்தன. வளர்ந்த தேனீக்கள் கூட்டை விட்டுப் பறந்துபோயின. அவள் பஸ் ஏறித் தளவாய்புரம் போனாள். அபுதாஹிர் வெறும் பெட்டிகளைத் தென்னை மரத்தடியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, இந்தச் சீக்கு எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கு. செத்த புழுவப் பாத்தேன். பாத்தும் குடுத்தேன்."

அவன் நிமிரவில்லை. "நானும் பாத்தேன்க்கா. பாத்துட்டுத்தான் வன்னியம்பட்டி மாரிசாமி அண்ணனுக்கு ஒரு அடை குடுத்தேன். அவரு பிளவக்கல் பக்கம் ரெண்டு பேருக்குக் குடுத்திருக்காரு. கேட்டா எப்படிக்கா இல்லங்கது?"

பங்குனியில் மாரிசாமியே தோப்புக்கு வந்து நின்றார்.

"தாயி, ஒமக்கு ரெண்டு பெட்டி நல்லா இருக்குன்னு சொன்னாவ. எனக்கு ஒரு பெட்டிதான் மிச்சம். அதுலயும் ராணி இல்ல."

அந்த இரண்டில் ஒரு செத்த புழுவும் அவள் கண்ணில் படவில்லை. நாலு புழுக்கள் மட்டும் செத்துக் கிடந்த அந்த நாள் ஞாபகம் வந்தது.

"இல்லண்ணே."

பெட்டி வாசலில் தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. மாரிசாமி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஞானபாக்கியம் அவரைக் கூப்பிடவில்லை.

சித்திரையில் அந்த இரண்டு பெட்டிகளும் காலியாயின.