வலது தொடையில் ஒரு காயம்

என் வலது தொடையில் எந்தக் காலத்திலும் காயம் பட்டதில்லை. காரைக்காலில் இதை யாரும் நம்புவதில்லை. இன்றைக்கும் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “குளிருக்கு வலி எடுக்குமே, எடுக்குதா?” என்று கேட்கிறார். இல்லை என்று சொன்னால் ஏமாந்துபோகிறார்.

நான் தடகளக்காரன். திறந்த மைதானத்தில் பத்துப் போட்டி கொண்ட டெகத்லான், உள்ளரங்கத்தில் ஹெப்டத்லான். ஆண்களுக்கான உள்ளரங்க ஹெப்டத்லான் என்பது இரண்டு நாளில் ஏழு போட்டி. முதல் நாள் அறுபது மீட்டர் ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், உயரம் தாண்டுதல். மறுநாள் தடை ஓட்டம், கோலூன்றித் தாண்டுதல், கடைசியாக ஆயிரம் மீட்டர். ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு, கூட்டிப் பார்த்து இடம் சொல்வார்கள். எங்கள் ஊரில் இதை விளக்கித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். வெளிமைதானத்தில் ஹெப்டத்லான் பெண்களுக்கானது என்ற ஒரு விஷயம் மட்டும் எப்படியோ எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆசிய அளவிலான போட்டிக்குத் தேர்வாகிவிட்டேன் என்று அலுவலகத்தில் சொன்ன அன்றைக்கு எங்கள் கண்காணிப்பாளர் முதலில் கேட்டது, “அது லேடீஸ் ஐட்டமாச்சேப்பா?” என்பதுதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் என்னை வேலைக்கு எடுத்த அலுவலகம் அது. என் கோப்பில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

வெளிநாட்டில் நடந்த அந்தப் போட்டிக்கு எங்களோடு வந்த அணி மேலாளர் தமிழ் பேசுகிறவர். அது தெரிந்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சி விமான நிலையம் வரைக்கும்தான். கொடியோடு படம் எடுத்துக்கொள்வதற்காக எங்களை நான்கு இடத்தில் நிறுத்தினார், நான்கிலும் நடுவில் அவர் நின்றார். தங்கியிருந்த ஓட்டலில் காலை உணவின்போது அவித்த முட்டைகளைக் காகிதத்தில் சுற்றி கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, அன்றைக்கு முழுவதும் அந்த வாசனையோடு அரங்கில் உலாவினார். முதல் நாள் குண்டு எறிதல் முடிந்து நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து, “அடுத்து ஈட்டியா?” என்று கேட்டார். கூரை போட்ட அரங்குக்குள் ஈட்டி எறிந்தால் எதிரே உட்கார்ந்திருக்கிறவர்கள் கதி என்ன ஆகும் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவரை மட்டும் சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. நடந்ததன் தொடக்கம் நான் செய்த காரியம்.

முதல் நாள் முடிவில் ஒன்பது பேரில் ஏழாவதாக இருந்தேன். மறுநாள் தடை ஓட்டமும் சுமாராகப் போனது. பிறகு கோலூன்றித் தாண்டுதல். எந்த உயரத்தில் தொடங்குகிறாய் என்று நடுவர் கேட்பார். நான் வழக்கமாகத் தொடங்கும் உயரத்தில் அன்றைக்கு நான் ஒருவன் மட்டும் தாண்ட வேண்டியிருந்தது. மற்ற எட்டுப் பேரும் காலை நீட்டி உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டு என்னைப் பார்த்திருப்பார்கள். அது எனக்கு வெட்கமாக இருந்தது. அதற்காக இரண்டு படி மேலே சொன்னேன். அந்த உயரத்தை நான் தாண்டியதே இல்லை என்று சொல்ல முடியாது. வாழ்க்கையில் மூன்று முறை தாண்டியிருக்கிறேன்.

முதல் முயற்சியில் மார்பு இடித்துக் குறுக்குக் கம்பு விழுந்தது. இரண்டாவதில் கோல் வளையவே இல்லை, ஓடிய வேகத்தில் மெத்தைக்கு முன்னாலேயே இறங்கினேன். மூன்றாவதில் கால் தாண்டி, இடுப்பு தாண்டி, முழங்கை தட்டிவிட்டது. மெத்தையில் மல்லாந்து கிடந்தேன், கம்பு என் வயிற்றின் மேல் வந்து விழுந்தது. அந்தப் போட்டிக்குப் புள்ளி பூஜ்யம். வாழைப்பழம் தின்கிற ஒரு கூட்டத்துக்கு முன்னால் வெட்கப்பட்ட மடையனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்தது.

ஆயிரம் மீட்டருக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மேலாளர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“தம்பி, ஓடாதே.”

“ஏன் சார்?”

“எப்படி ஓடுனாலும் கடைசிதான். கடைசி இடம்னு பேப்பர்ல வரணுமா? தொடையப் புடிச்சிக்கிட்டு உக்காந்துடு. காயத்தால விலகினார்னு எழுதிக்கலாம். உனக்கும் மரியாதை, நமக்கும் மரியாதை.”

“காலு நல்லா இருக்கு சார்.”

“இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போவுது?”

நான் ஓடினேன். வீரம் ஒன்றும் இல்லை. கடல் தாண்டிப் பறந்து வந்து, ஏழில் ஆறை முடித்துவிட்டு, நல்ல தொடையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என்னை நினைத்துப் பார்த்தேன், அதற்குக் கடைசி இடமே மேல் என்று பட்டது. அவ்வளவுதான். உள்ளரங்கத்தில் ஆயிரம் மீட்டர் என்றால் ஐந்து சுற்று. மூன்றாவது சுற்றிலேயே கூட்டம் என்னை விட்டுப் போய்விட்டது. திருவேட்டக்குடிக் கடற்கரையில் மணலில் ஓடிப் பழகிய கால்கள், அந்தச் சாய்வுத் தடத்தில் வளைவுக்கு வளைவு தடுமாறின. கடைசிச் சுற்றில் அரங்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் இருந்த தயவு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கோட்டைத் தாண்டி விழுந்தபோது, முதலாவதாக வந்தவன் வந்து என்னைத் தூக்கிவிட்டான். ஒன்பது பேரும் கைகோத்து அரங்கத்தைச் சுற்றி நடந்தோம். ஹெப்டத்லான், டெகத்லான் ஆடுகிறவர்களிடம் அப்படியொரு வழக்கம் உண்டு. அந்தப் பத்து நிமிடம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒன்பதாவது இடம், ஏழும் முடித்தவன்.

திரும்பும்போது விமான நிலைய வரிசையில் நிற்கையில் மேலாளர் சாதாரணமாகச் சொன்னார். “ரிப்போர்ட்ல வலது தொடைத் தசை கிழிசல்னு எழுதிட்டேன். வலியோட ஓடி முடிச்சான்னு போட்டிருக்கேன். பத்திரிகைக்காரங்களுக்கும் அதையே சொல்லிட்டேன். உன் நல்லதுக்குத்தான்.”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதைப் பிறகு நூறு விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சொன்னது, “சரி சார்.”

காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கினால் என் அக்காள் கணவர் காரோடு நிற்கிறார். வீடு நடந்து போகிற தூரம்தான். “கால ஊனாதீங்க மச்சான்” என்று என் பையைப் பிடுங்கிக்கொண்டார். காரில் செய்தித்தாள் கிடந்தது. காயத்துடன் போராடிய காரைக்கால் வீரர் என்று தலைப்பு. எத்தனையாவது இடம் என்ற தகவல் அதில் எங்கேயும் இல்லை. வீட்டில் அம்மா டி.ஆர்.பட்டினத்து வைத்தியரிடமிருந்து வாங்கிவந்த பச்சிலைப் பற்றைக் கிண்ணத்தில் குழைத்துத் தயாராக வைத்திருந்தார்.

“அம்மா, காலுக்கு ஒண்ணுமே இல்ல. நான் கடைசியா வந்தேன். அவ்வளவுதான்.”

அம்மா பற்றுக் கிண்ணத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் கிண்ணத்தை வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“அத வெளியில சொல்லிக்கிட்டு இருக்காத. உன் காலு குணமாவணும்னு மாதா கோயில்ல பூசைக்குக் கருத்து கொடுத்துட்டேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் பங்குச் சாமியார் என் வலது தொடை குணமடைய வேண்டும் என்று மன்றாடினார். மூன்றாவது பெஞ்சில் இரண்டு நல்ல தொடைகளோடு நான் உட்கார்ந்திருந்தேன். ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று சபை முழுவதும் சொன்னது. நானும் சொன்னேன். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் வராத தூரத்து அத்தை ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் நன்றாக ஓடிய காலங்களில் இவர்கள் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தென்மண்டலத்தில் இரண்டு முறை பதக்கம் வாங்கி வந்திருக்கிறேன், பால்காரருக்குக்கூடத் தெரியாது. காயம் என்றதும் தெருவே வந்தது. நான் கடைசி என்று அதில் நான்கைந்து பேரிடம் சொல்லியும் பார்த்தேன். “தன்னடக்கம்” என்றார் ஒருவர். “வலிய மறைக்கிறான் பாவம்” என்றார் இன்னொருவர். அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, அதைத் திருப்பித் தர அவர்கள் தயாராக இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். சால்வை, கேடயம், பேச்சு. பேசியவர்களில் ஒருவர் நான் ஏழு கடல் தாண்டிப் போய் ஏழு போட்டி ஆடியதாகச் சொன்னார். என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தேன். மேடைக்கு ஐந்து படி. எல்லோரும் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் படியில் ஒழுங்காகத்தான் கால் வைத்தேன். இரண்டாவது படியில் நொண்டினேன்.

அதை நான் திட்டமிடவில்லை என்று சொல்லிக்கொள்வதில் பயன் இல்லை. மூன்றாவது, நான்காவது படியிலும் நொண்டினேன். கீழே ‘ச்சு ச்சு’ என்று சத்தம் கேட்டது. யாரோ ஓடிவந்து என் முழங்கையைத் தாங்கினார்கள், நானும் தாங்கவிட்டேன். மேலாளரைப் பற்றி அதுவரை நான் என்னென்ன நினைத்திருந்தேனோ, அத்தனையும் அந்த மேடையில் சால்வையோடு சேர்த்து என் தோள்மேல் போர்த்தியதுபோல் இருந்தது.

மறுநாள் காலை, எதிர்வீட்டு மாமா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷனில் இருக்கிறவர். அவர் குடும்பத்தைத் தெருவில் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்பார்கள். தடகளம் என்றால் அவருக்கு உயிர், ஐரோப்பியப் போட்டிகளை எல்லாம் விடாமல் பார்ப்பார். ஆண்களுக்கும் ஹெப்டத்லான் உண்டு என்பது எங்கள் தெருவில் எனக்கு அடுத்து அவருக்குத்தான் தெரியும்.

“வாங்க மாமா.”

உட்கார்ந்தார். அம்மா காப்பி வைத்துவிட்டு உள்ளே போனதும் ஆரம்பித்தார்.

“பேப்பர்ல வலது காலுன்னு போட்டிருக்கான். நேத்து நீ எடது கால நொண்டுன.”

எனக்குக் காது சுட்டது.

“ஆயிரம் மீட்டரு நான் பாத்தேன்பா. கம்ப்யூட்டர்ல நேரடியா காட்டுனாங்க. காலு ரெண்டும் நல்லா இருந்துச்சு. மூச்சுதான் பத்தல.”

எனக்குள் பெரிய நிம்மதி எழுந்தது. உண்மை தெரிந்த ஒரு மனிதர் இந்த ஊரில் இருக்கிறார். “ஆமா மாமா, நான் கடைசி. யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. நீங்க சொன்னீங்கன்னா...” என்று தொடங்கினேன்.

அவர் கையை உயர்த்தி நிறுத்தினார். “நான் ஏன் சொல்லப்போறேன்? பிரான்சுலயும் இதான் வழக்கம். பிலெஸ்ஸேன்னு ஒரு வார்த்தை போட்டுடுவான். அடிபட்டவன்னு அர்த்தம். அதுல ஒரு கௌரவம் இருக்குப்பா. நீ ஒண்ணு பண்ணு, எந்தக் காலுன்னு முடிவு பண்ணிக்க. மாத்தி மாத்தி நொண்டுனா நல்லா இல்ல.”

காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். ஊர் ஏமாந்தது, அதனால் ஊரைக் கேவலமாக நினைத்தேன். அவர் ஏமாறவே இல்லை. அவரை என்ன நினைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர் மேல் இருந்த மதிப்பு மட்டும் போய்விட்டது.

அடுத்த பயிற்சி முகாமுக்கான பட்டியலில் என் பெயர் இல்லை. தடகளச் சங்கத்தில் விசாரித்தபோது, காயம் ஆறிவிட்டதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்கள் ஊரில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் போனேன். தொடையை அழுத்தி, மடக்கி, நீட்டிப் பார்த்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இங்க கிழிஞ்சதுக்கான அடையாளமே இல்லயேப்பா. தழும்பு இருந்திருக்கணும். கிழிஞ்சப்போ எடுத்த ஸ்கேன் இருக்கா?” என்று கேட்டார்.

“கிழியவே இல்ல டாக்டர்.”

“அப்ப ஆறிடுச்சுன்னு நான் எப்படி எழுதுறது?”

அவரை மட்டும் என்னால் குறை சொல்ல முடியவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து சங்கத்துக்குக் கடிதம் எழுதினேன். எனக்குக் காயம் ஏற்படவில்லை, கோலூன்றித் தாண்டுதலில் தவறான உயரம் கேட்டு மூன்று முயற்சியிலும் தோற்றேன், ஒன்பதாவது இடம் பெற்றேன், அறிக்கையில் எழுதியது பொய், அதற்கு நானும் உடன்பட்டேன். பதில் வரவில்லை. அந்த வருட முகாம் நான் இல்லாமலே நடந்து முடிந்தது.

சில வருடம் கழித்துச் சென்னையில் ஒரு போட்டியில் அந்த மேலாளரை நேருக்கு நேர் பார்த்தேன். கோட்டு புதிது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். இவரிடம் சொல்வதற்காக நான் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வாய்க்கு வந்து நின்றன.

“எப்படி இருக்கே தம்பி? தொடை சரியாயிடுச்சா? அன்னிக்கு நீ வலியோட ஓடுனத நான் இன்னமும் பசங்ககிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன். நான் வேண்டாம்னுதான் சொன்னேன், நீதான் கேக்கல.”

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இல்லை, நடிப்பு இல்லை. கண் கலங்கியிருந்தது. தான் எழுதியதை அவர் முழுசாக நம்பிவிட்டிருந்தார்.

“சார், எனக்குக் காயமே படல. அத நீங்கதான் எழுதுனீங்க.”

“இதான் உன்கிட்ட எனக்குப் புடிச்சது” என்று என் தோளைத் தட்டிவிட்டு, படம் எடுக்க யாரோ கூப்பிட்ட பக்கம் நகர்ந்தார்.

அந்தப் போட்டியில் நான் டெகத்லான் பத்தையும் முடித்தேன். கோலூன்றித் தாண்டுதலில் தொடக்க உயரத்தை எல்லோருக்கும் கீழே சொன்னேன். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று தாண்டினேன். நான்காவது இடம். ஊருக்கு வந்ததும் அம்மா எத்தனையாவது என்று கேட்டார். சொன்னேன். “கால்?” என்று கேட்க வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, கை கழுவிட்டு வா, சாப்புடலாம்” என்றார்.